கூண்டு ஏறியதும் புயல் வந்துவிடுவதில்லை

பாம்பனில் ஒன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றிவிட்டார்கள் என்று செய்தி வந்தால் எங்கள் பக்கத்தில் யாரும் அலறியடித்து ஓடுவதில்லை. எங்கோ தூரத்தில், நடுக்கடலில், காற்று சுழலத் தொடங்கியிருக்கிறது என்பதுதான் அதற்குப் பொருள். வல்லத்தைக் கூடுதலாகப் பத்தடி மேலே இழுத்துப் போடுவார்கள். நங்கூரக் கயிற்றை ஒருமுறை தொட்டுப் பார்ப்பார்கள். அப்புறம் டீக்கடைக்குப் போய்விடுவார்கள். மூன்றாம் எண் ஏறினால் பேச்சு கொஞ்சம் குறையும். எட்டு, ஒன்பது, பத்து என்றால் ஊரே வேறு மாதிரி ஆகிவிடும். பதினொன்று என்றும் ஓர் எண் இருக்கிறது. வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது என்பதைச் சொல்வதற்கு.

கடலுக்கு இத்தனை எண் வைத்திருக்கிற நாங்கள் மனதுக்கு இரண்டே நிலைதான் வைத்திருக்கிறோம். “நல்லாத்தான் இருக்கேன்” என்பது ஒன்று. “எனக்கு என்னமோ ஆகப்போகுது” என்பது இன்னொன்று. நடுவில் இருக்கும் எண்களைப் பற்றித்தான் இங்கே எழுத நினைக்கிறேன்.

என் அண்ணன் விசைப்படகில் கடலுக்குப் போகிறவர். தங்கச்சிமடத்தில் நாங்கள் எல்லோரும் ஒரே வளவில் இருக்கிறோம். காலையில் டோக்கன் வாங்கிக்கொண்டு படகு கிளம்பினால் மறுநாள் காலையில்தான் கரை திரும்பும். நடுவில் உள்ள அந்த இரவு முழுக்க மதினியுடையது. ஒருநாள் இரவு இரண்டரை மணிக்குத் தண்ணீர் குடிக்க எழுந்தபோது வாசற்படியில் வெளிச்சம் தெரிந்தது. மதினி போனை எடுக்கிறார், வாட்ஸ்அப்பைத் திறக்கிறார், சங்கத்துக் குழுவில் ஏதாவது வந்திருக்கிறதா என்று மேலும் கீழும் தள்ளுகிறார், அணைக்கிறார், தொடைக்கு அடியில் கவிழ்த்து வைக்கிறார். அரை நிமிஷம். மறுபடி கை போகிறது. கட்டைவிரல் நகத்தின் ஓரம் கடித்துக் கடித்துச் சிவந்து, தோல் உரிந்திருந்தது.

“என்ன மதினி, தூங்கலையா?”

“நீ போய்ப் படு. எனக்குத்தான் நெஞ்சு அடிச்சுக்கிட்டே கெடக்கு. வயித்துல புளியக் கரைக்கிற மாதிரி இருக்கு.”

அண்ணன் அன்று காலை ஆறரைக்கு நல்லபடியாக வந்து சேர்ந்தார். மதினியின் படபடப்பு மட்டும் அதோடு நிற்கவில்லை. படகு கரையில் கட்டிக் கிடந்த நாட்களிலும் அதே இரண்டரை மணிக்கு விழிப்பு வந்தது. பக்கத்தில் அண்ணன் குறட்டை விட்டுத் தூங்குகிறார், இவருக்கு நெஞ்சு அடித்துக்கொள்கிறது. அங்கேதான் கவலை பதற்ற நோயாக மாறத் தொடங்குகிறது.

இந்தக் கரையில் இருப்பவர்களிடம் “சும்மா கவலைப்படாதே” என்று சொல்வது எனக்குப் பிடிப்பதில்லை. தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னார் 30 கிலோமீட்டர்கூட இல்லை. 1974இலும் 1976இலும் இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட ஒப்பந்தங்களில் கடலில் ஒரு கோடு விழுந்தது. கச்சத்தீவு அந்தப் பக்கம் போனது. மீன் கோட்டைப் பார்த்து நீந்துவதில்லை. பிடிபட்டால் சிறை, படகு போனால் ஆயுசுக்கும் கடன். 1964 டிசம்பர் 22ஆம் தேதி இரவு தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோனதைக் கண்ணால் பார்த்தவர்கள் இன்னும் எங்கள் நடுவில் இருக்கிறார்கள். எங்கள் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. அதை அடியோடு பிடுங்கி எறிய முடியாது, எறியவும் கூடாது. சேதி சொல்லி முடித்த கூண்டைக் கீழே இறக்கக் கற்றுக்கொள்ளலாம். அன்றாடப் பழக்கங்கள் உதவுவது அந்த வேலைக்குத்தான்.

உடம்புக்குள் நடப்பது இது. மூளையின் ஆழத்தில், இரண்டு பக்கமும், பாதாம்பருப்பு வடிவத்தில் ஒரு பகுதி இருக்கிறது, அமிக்டலா என்பார்கள். ஆபத்து மாதிரி எது தெரிந்தாலும் நாம் யோசித்து முடிப்பதற்குள் அது மணியடித்துவிடும். சிறுநீரகத்தின் தலைமாட்டில் இருக்கும் சுரப்பிகள் அட்ரினலினைக் கொட்டும். இதயம் வேகமாக அடிக்கும். கை கால் தசைகளுக்கு ரத்தம் பாயும், வயிற்றுக்குப் போவது குறையும். மூச்சு நெஞ்சின் மேல்பகுதியிலேயே சின்னச் சின்னதாக ஓடும். பின்னாலேயே கார்ட்டிசால் வந்து அந்த உஷார் நிலையைத் தாங்கிப் பிடிக்கும். ஓடவோ சண்டை போடவோ உடம்பு இப்படித் தயாராகிறது. வாசற்படியில் உட்கார்ந்திருப்பவருக்கு ஓடவும் இடமில்லை, சண்டை போடவும் ஆளில்லை. தயாரான உடம்பு விடியவிடிய அப்படியே கிடக்கும்.

“வயிற்றில் புளியைக் கரைக்கிறது” என்று நம் ஆட்கள் சொல்வது வெறும் உவமை இல்லை. வயிற்றுக்கு ரத்தம் குறைந்தால் அப்படித்தான் இருக்கும். “கை கால் வெலவெலத்துப் போச்சு”, “நாக்கு ஒட்டிக்கிச்சு”, “அடிவயிறு கலங்குது” என்று தமிழில் பதற்றத்தைப் பெரும்பாலும் உடம்பை வைத்துத்தான் சொல்கிறோம். பதற்றம் உள்ளவர்கள் நேராக நெஞ்சு டாக்டரிடம் போய் நிற்பதற்கும் அதுதான் காரணம். ஈசிஜி எடுப்பார்கள், ஒன்றுமில்லை என்பார்கள், வீட்டுக்கு வந்து இன்னும் பயந்துபோவார்கள். முதல் தடவை போய்ப் பார்ப்பது சரியான காரியம்தான். வேலை செய்யும்போது நெஞ்சில் வலி வந்தால் கட்டாயம் பார்க்க வேண்டும். ரத்தசோகையும் தைராய்டு கோளாறும்கூட இதே படபடப்பைக் கொடுக்கும். அந்த இரண்டு ரத்தப் பரிசோதனையையும் செய்துகொள்வது நல்லது. எல்லாம் சரியாக இருக்கிறது என்றால், கூண்டு ஏறியிருக்கிறது, புயல் இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம். திடீரென்று உச்சத்துக்குப் போகும் பீதிகூடப் பெரும்பாலும் பத்து நிமிஷத்துக்குள் உச்சியைத் தொட்டுவிட்டு இறங்கத் தொடங்கிவிடும். அது தெரிந்திருந்தாலே பாதி பலம்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2019இல் உலகத்தில் 30 கோடிப் பேருக்குப் பதற்ற நோய் இருந்தது. ஆண்களைவிடப் பெண்களிடம் அதிகம். எங்கள் தெருவில் பார்த்தாலே தெரியும்.

சரி, மதினியின் போனுக்கு வருகிறேன். அதில்தான் எங்களுக்கு முதல் பாடம் கிடைத்தது. போனைப் பார்த்ததும் “ஒன்னும் வரலை” என்று ஒரு நொடி நிம்மதி. அந்த நொடியைத்தான் மூளை ருசி பார்த்து வைத்துக்கொள்கிறது. அடுத்த முறை பயம் எட்டிப்பார்த்ததும் “போனைப் பார்” என்கிறது. பார்க்கப் பார்க்க நிம்மதியின் நேரம் சுருங்குகிறது, பார்க்கும் தடவை கூடுகிறது. இதற்கு நடுவில் எப்போதோ நடந்த கைது வீடியோவை யாரோ இன்று நடந்தது போல அனுப்பிவைப்பார்கள். குரல் பதிவில் அழுகை கேட்கும். எந்த ஊர், எந்தப் படகு, ஒன்றும் இருக்காது.

வீட்டில் உட்கார்ந்து பேசி ஓர் ஏற்பாடு செய்தோம். ஏதாவது என்றால் படகு முதலாளி வீட்டிலிருந்து போன் வரும், சத்தமாக மணியடிக்கும். இரவு பத்து மணிக்கு நெட்டை அணைத்துப் போனைத் தள்ளி வைத்துவிட வேண்டும், அழைப்புக்குத் தடையில்லை. குழுவில் வருவதைக் காலை ஐந்து மணிக்கு நான் பார்த்துச் சொல்வேன். கேட்க எளிதாக இருக்கிறது. முதல் மூன்று இரவுகள் மதினிக்கு முன்பைவிட மோசமாக இருந்தன. அதை மறைக்கக் கூடாது. பழகிய நிம்மதியைப் பிடுங்கினால் பதற்றம் முதலில் கூடத்தான் செய்யும். நாலாவது இரவு கை தொடைக்கு அடியில் போய், போன் இல்லை என்று தெரிந்து, திரும்பி மடிக்கு வந்ததைப் பார்த்தேன். பத்தாவது நாள் வாக்கில் மூன்றரை வரை தூங்கினார்.

அடுத்தது மூச்சு. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில்தான் தப்பான புத்தி அதிகம் சொல்லப்படுகிறது.

யாராவது படபடப்பாக இருந்தால் “நல்லா இழுத்து மூச்சு விடு” என்கிறோம். அவர்கள் ஏற்கெனவே அதிகமாக இழுத்துக்கொண்டிருக்கிறார்கள். வேகவேகமாக மூச்சு வாங்கும்போது ரத்தத்தில் கரியமில வாயு அளவுக்கு மீறிக் குறைகிறது. விரல் நுனி மரத்துப்போகும், உதட்டைச் சுற்றி ஊசி குத்தும், தலை கிறுகிறுக்கும், நெஞ்சை இறுக்கும். காற்றே போதவில்லை என்று தோன்றும். உண்மையில் காற்று கூடிப்போய்விட்டது. ஆகவே கவனம் இருக்க வேண்டியது வெளியே விடும் மூச்சில். உள்ளே இழுக்கும்போது இதயம் சற்று வேகமாகவும், வெளியே விடும்போது சற்று மெதுவாகவும் துடிக்கிறது. மூளையிலிருந்து வயிறு வரை ஓடும் வேகஸ் என்ற நரம்பு அந்த வெளிமூச்சில்தான் கடிவாளத்தை இழுத்துப் பிடிக்கிறது.

பாம்பன் சின்னப்பாலத்தில் கடலுக்குள் முங்கிக் கடல்பாசி எடுக்கப் போகும் பெண்களைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. விரல்களில் துணி சுற்றி, கண்ணாடி மாட்டி, பாதத்தில் தகடு கட்டிக்கொண்டு இறங்குவார்கள். முங்கி எழுந்ததும் வாயால் மெல்ல, நீளமாகக் காற்றை விடுவார்கள். ஒரு சீழ்க்கை மாதிரி கேட்கும். எங்கள் அத்தை ஒருவர் நாற்பது வருஷம் பாசிக்குப் போனவர். பதறிக்கொண்டு முங்கினால் கை நிறையாது என்பார்.

செய்முறை பெரிதாக ஒன்றுமில்லை. மூக்கால் நாலு எண்ணும் வரை உள்ளே. பிறகு ஆறு எண்ணும் வரை வெளியே, சூடான கஞ்சியை ஊதுவது மாதிரி. ஒரு மூச்சுக்குப் பத்து நொடி, நிமிஷத்துக்கு ஆறு மூச்சு. ஐந்து நிமிஷம் போதும். ஒரே ஒரு விஷயம், இதைப் பதற்றம் வந்த பிறகு முதல்முறையாகச் செய்து பார்த்தால் வேலை செய்யாது. புயல் நேரத்தில் முடிச்சுப் போடக் கற்றுக்கொள்ள முடியுமா? அமைதியாக இருக்கும் நேரத்தில், தினமும், உலை கொதிப்பதற்குக் காத்திருக்கும் நேரத்தில் பழக வேண்டும். பாசிக்கு முங்குகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: கடலுக்குள் இறங்கும் முன் வேகவேகமாக மூச்சு இழுத்துவிட்டு முங்கக் கூடாது. உடம்பு “காற்று வேணும்” என்று கேட்பதற்கு முன்னாலேயே நினைவு தப்பிவிடும்.

2001இல் இத்தாலிய ஆய்வாளர்கள் 23 பேரை வைத்து ஒரு பரிசோதனை செய்தார்கள். ஜெபமாலையின் ‘அருள் நிறைந்த மரியே’ ஜெபத்தை லத்தீனில் சொல்லச் சொன்னார்கள், ஒரு மந்திரத்தையும் சொல்லச் சொன்னார்கள். இரண்டிலும் மூச்சு தானாகவே நிமிஷத்துக்கு ஏறத்தாழ ஆறு என்ற கணக்குக்கு இறங்கியது, இதயத்தின் தாளமும் சீரானது. இதைப் படித்தபோது எனக்கு எங்கள் ஊர் சாயங்காலம்தான் ஞாபகம் வந்தது. இந்தப் பக்கம் ஜெபமாலை, கீழக்கரைப் பக்கம் தஸ்பீஹ், ராமேசுவரத்தில் ராமநாமம். மெதுவாக, வாய்விட்டு, ஒரே தாளத்தில் சொன்னால் உடம்புக்கு அது மூச்சுப் பயிற்சியும்தான். ஆனால் “ஒரு மணி விட்டுப்போனால் படகுக்கு ஆகாது” என்று திரும்பத் திரும்ப முதலிலிருந்து தொடங்குகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். அப்படி ஆகிவிட்டால் ஜெபமாலையும் அந்தப் போன் மாதிரிதான் வேலை செய்கிறது. அவர்களை அன்பாக நிறுத்தச் சொல்ல வேண்டும்.

டீ. மதினி ஒரு நாளைக்கு ஏழு டீ குடித்துக்கொண்டிருந்தார், அதில் இரண்டு பொழுது சாய்ந்த பிறகு. டீயிலும் காப்பியிலும் உள்ள கஃபீன் பாதியாகக் குறையவே ஐந்து மணி நேரம் வாக்கில் ஆகும். ஆறு மணிக்குக் குடித்ததில் பாதி பதினொரு மணிக்கும் உடம்பில் இருக்கிறது. கை நடுக்கம், படபடப்பு, தூக்கமின்மை என்று கஃபீன் செய்வதெல்லாம் பதற்றம் செய்வதும்தான்; எது எதனால் என்று மனதுக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. ஒரேயடியாக நிறுத்தினால் தலைவலி வரும். இரண்டு மூன்று நாளைக்கு ஒரு டீ வீதம் குறைத்து, மூன்று மணிக்குப் பிறகு காப்பித்தூள் போடாத சுக்குமல்லித் தண்ணீர் என்று மாற்றினோம். வெறும் வயிறும் அப்படித்தான். மீன் ஏலம், பிள்ளைகள் பள்ளிக்கூடம் என்று பதினொரு மணி வரை ஒன்றும் சாப்பிடாமல் ஓடினால் கை நடுங்காமல் என்ன செய்யும்? பழைய கஞ்சியும் நேற்றைய மீன் குழம்பும் எட்டு மணிக்குள் உள்ளே போய்விட்டால் பாதிப் படபடப்பு குறைகிறது. இந்த வெயிலுக்குத் தண்ணீரும் முக்கியம். உடம்பில் தண்ணீர் வற்றினாலும் நாடி ஓடத்தான் செய்யும்.

நடைப்பயிற்சி பற்றி எல்லோரும் சொல்கிறார்கள். வாரத்துக்கு 150 நிமிஷம் உடம்பு அசைய வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. நல்லதுதான், ஓடத் தயாரான உடம்புக்கு ஒரு வேலை கிடைக்கும். ஆனால் பாசி மூட்டை சுமந்து வருகிற பெண்ணிடம் போய் “நடங்கம்மா” என்று சொல்வதற்கு முன் ஒருமுறை யோசிக்க வேண்டும். அவருக்குத் தேவை கால் நீட்டி உட்கார அரை மணி நேரம். கடை, ஆபீஸ், வீடு என்று உட்கார்ந்தே இருப்பவர்களுக்குத்தான் கடற்கரை நடை.

தூக்கத்தில் எங்கள் ஆட்களுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. கடலுக்குப் போகிற நாளில் இரவு முழுக்க வலை, கரைக்கு வந்த நாளில் பகல் முழுக்கத் தூக்கம். உடம்புக்குள் இருக்கும் கடிகாரத்துக்குப் பகலா இரவா என்று குழப்பம். ஏப்ரல் 15இலிருந்து ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் வரும்போது இது முற்றிவிடும். படகு இல்லை, வருமானம் இல்லை, பகலில் மரத்தடியில் தூக்கம், இரவில் மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு கடன் கணக்கு. கடல் ஆபத்து சுத்தமாக இல்லாத அந்த இரண்டு மாதத்தில்தான் எங்கள் தெருவில் பதற்றம் அதிகம் என்று நான் சொன்னால் வெளியூர்க்காரர்கள் நம்புவதில்லை. வேலைதான் நாளுக்கு ஒரு முதுகெலும்பு கொடுக்கிறது. அது போனால் நாமே ஒன்று செய்துகொள்ள வேண்டும். படுக்கும் நேரம் கையில் இல்லாவிட்டாலும் எழும் நேரத்தை ஒன்றாக வைத்துக்கொள்வது, பகல் தூக்கத்தை அரை மணியோடு நிறுத்துவது, காலை வெயில் முகத்தில் படுவது, வலை பொத்துவதற்கும் படகு பராமரிப்புக்கும் நேரம் குறித்துப் போவது. இரவில் இருபது நிமிஷம் புரண்டும் தூக்கம் வரவில்லை என்றால் எழுந்துவிட வேண்டும். மங்கலான வெளிச்சத்தில் வெங்காயம் உரிக்கலாம், துணி மடிக்கலாம். கண் சொக்கும்போது திரும்பி வந்து படுக்கலாம். பாயில் கிடந்து கவலைப்பட்டுப் பழகினால் பாயே கவலையை ஞாபகப்படுத்தும்.

கடன் கணக்கு என்றேன். குழுக்கடன் தவணை, நகை வட்டி, முதலாளியிடம் வாங்கிய முன்பணம். இதற்கு மூச்சுப் பயிற்சி பதில் சொல்லாது. மதினிக்கு ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக் கொடுத்தேன். சாயங்காலம் ஆறு மணிக்குப் பதினைந்து நிமிஷம், அதில் கவலைகளை எழுதுவது. எழுதியபின் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு குறி: இதற்கு நாளைக்குச் செய்ய ஒரு வேலை இருக்கிறதா, இல்லையா? “வியாழக்கிழமை தவணைக்கு ஆயிரம் குறையுது” என்பதற்கு வேலை இருக்கிறது. புதன்கிழமையே குழுத் தலைவியிடம் போய்ப் பேச வேண்டும். “அவங்களுக்கு ஏதாவது ஆயிட்டா?” என்பதற்கு வேலை இல்லை. அதை எழுதி மூடிவைக்க வேண்டும். இரவில் அதே எண்ணம் வந்தால் “உனக்கு ஆறு மணிக்கு நேரம் இருக்கு” என்று அனுப்பிவிடலாம். விரட்டினால் திரும்பி வருகிற எண்ணம், நேரம் குறித்துக் கொடுத்தால் ஓரளவு கேட்கிறது. மதினியின் நோட்டில் முதல் வாரம் இருபத்தொரு கவலை இருந்தது. வேலை இருந்தவை ஆறு. மற்ற பதினைந்தும் ஒரே கவலை வேறு வேறு வார்த்தையில்.

ஆண்களைப் பற்றி இதுவரை நான் அதிகம் எழுதவில்லை. அவர்கள் சொல்வதில்லை என்பதுதான் காரணம். அவர்களின் படபடப்பு பெரும்பாலும் குவார்ட்டர் பாட்டிலுக்குள் போய்விடுகிறது. சாராயம் முதல் இரண்டு மணி நேரம் நரம்பை அமுக்கும், உண்மைதான். அது இறங்கும்போது அமுங்கிய நரம்பு ஸ்பிரிங் மாதிரி எழும்பும். விடியற்காலை மூன்று மணிக்கு வேர்த்து, நெஞ்சடித்து விழிக்க வைப்பது அதுதான். அதை அடக்க மறுநாள் இன்னும் கொஞ்சம். பல வருஷம் தினமும் குடித்தவர் வீட்டில் யாருக்கும் சொல்லாமல் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து, வலிப்பு வரலாம். டாக்டர் துணையோடு குறைக்க வேண்டும்.

இன்னொன்று, ஒதுங்கிப்போவது. அக்கரையில் பிடிபட்டு, சிறையில் இருந்து திரும்பிய ஒருவர் எங்கள் பக்கத்தில் இருக்கிறார். மாதக்கணக்கில் படகு கட்டும் ஜெட்டிப் பாலத்துப் பக்கமே போகவில்லை. போகாத ஒவ்வொரு நாளும் அவருக்கு நிம்மதி, ஒவ்வொரு நாளும் பயமும் ஒரு சாண் வளர்ந்தது. அவர் கூட்டாளிகள் எந்தப் படிப்பும் இல்லாமல் செய்ததைத்தான் மனநல நிபுணர்களும் செய்யச் சொல்வார்கள். முதலில் ஜெட்டிக்குக் கூட்டிப்போய் டீ வாங்கிக் கொடுத்தார்கள், அவ்வளவுதான். சில நாள் கழித்து, கட்டிக் கிடந்த படகில் உட்கார்ந்து சீட்டு விளையாடினார்கள். பிறகு கரையோரமாக நாட்டுப்படகில் ஒரு பகல். ஒவ்வொரு படியிலும் பயம் ஏறி, அங்கேயே இருந்தால் தானாக இறங்குவதை உடம்பு நேரில் பார்க்க வேண்டும். சொல்லிப் புரிய வைக்க முடியாது. அவசரப்படுத்தினால் கெட்டுப்போகும்.

இவ்வளவும் செய்தும் சரியாகவில்லை என்றால் டாக்டரைப் பார்க்க வேண்டும் என்று எழுதுவது சுலபம். எங்கள் மாவட்டத்தில் அதற்கு நடுவே ஒரு பெயர் குறுக்கே நிற்கிறது. “உன்னை ஏர்வாடிக்குத்தான் அனுப்பணும்” என்று விளையாட்டுக்குத் திட்டாத வீடு இங்கே குறைவு. 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி விடியற்காலை ஏர்வாடியில் ஒரு தனியார் மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் தப்பி ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். அந்தக் காட்சி இந்தக் கரையின் மனதில் அப்படியே நிற்கிறது. மனசுக்கு டாக்டரைப் பார்ப்பது என்றால் சங்கிலி என்று ஒரு பயம், இருபது வருஷத்துக்கு மேலாகியும், ஆழத்தில் கிடக்கிறது. அதன்பின் நிறைய மாறியிருக்கிறது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் யாரையும் எந்த விதத்திலும் சங்கிலியால் கட்டக் கூடாது என்கிறது. ஏர்வாடி தர்கா வளாகத்திலேயே துஆ என்கிற பிரார்த்தனையோடு மருந்தும் கிடைக்க வழி செய்யப்பட்டது. நேர்ந்துகொண்டு வருகிறவர்கள் மாத்திரையும் வாங்கிப் போகலாம். நம்பிக்கையை விட்டுவிட்டு வா என்று யாரும் கேட்கவில்லை. அது எனக்குச் சரியாகப் படுகிறது.

பதற்றத்துக்காக டாக்டரைப் பார்க்கிறவர்களில் பெரும்பாலோர் படுக்கையில் சேர வேண்டியதே இல்லை. சீட்டு வாங்கி, அரை மணி பேசி, வீட்டுக்குத் திரும்பி வருகிற சமாசாரம். ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம். அவ்வளவு தூரம் போக மனமில்லை என்றால் 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். டெலி மனஸ் என்று 2022 அக்டோபரில் தொடங்கிய அரசுச் சேவை; 24 மணி நேரமும், இலவசம், தமிழில் பேசலாம். மாநில அரசின் 104 எண்ணும் இருக்கிறது. சில வாரங்களாகத் தூக்கமும் சாப்பாடும் கெட்டு வேலைக்குப் போக முடியவில்லை என்றால் காத்திருக்க வேண்டாம். வாழவே வேண்டாம் என்ற எண்ணம் ஒருமுறை வந்தாலும் அன்றைக்கே போன் செய்ய வேண்டும். மெடிக்கலில் கேட்டுத் தூக்க மாத்திரை வாங்கிப் போடுவது மட்டும் கூடாது. அந்த வகை மாத்திரைகளில் பல பழக்கமாகிவிடும், திடீரென்று நிறுத்தினால் பதற்றம் முன்பைவிடக் கூடி வரலாம். டாக்டர் எழுதிக் கொடுக்கும் பதற்ற மருந்துகள் வேறு. அவை வேலை செய்யச் சில வாரம் ஆகும். நாலு நாளில் ஒன்றும் தெரியவில்லை என்று விட்டுவிடக் கூடாது, சரியாகிவிட்டது என்று சொந்தமாக நிறுத்தவும் கூடாது.

பக்கத்தில் இருப்பவர்களுக்கும் ஒரு வேலை உண்டு. பதறுகிறவரிடம் “ஒன்னும் ஆகாது” என்று நாம் சத்தியம் செய்ய முடியாது, கடல் நம் கையில் இல்லை. “நான் இங்கதான் இருக்கேன்” என்பது சத்தியமாகச் சொல்லக்கூடியது. பக்கத்தில் உட்கார்ந்து, நாமே மெதுவாக மூச்சு விட்டால் போதும். சற்று நேரத்தில் அவர் மூச்சும் நம் தாளத்துக்கு வரும். பிறகு ஓர் எண் கேட்கலாம். பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் இப்போது எத்தனை என்று மனநல ஆலோசகர்களும் கேட்பார்கள். எங்கள் வளவில் அதைக் கூண்டு எண்ணாக்கிக்கொண்டோம். எண் சொல்ல வேண்டும் என்றால் ஒரு நொடி வெளியே நின்று தன்னையே பார்க்க வேண்டியிருக்கிறது. எட்டு என்று சொன்னவர் பத்து நிமிஷம் கழித்து ஆறு என்று சொல்லும்போது, இறங்கவும் செய்யும் என்று அவர் வாயாலேயே அவருக்குத் தெரிகிறது.

முந்தாநாள் படகு போன இரவு ஏழு மணிக்கு மதினி வீட்டுப் பக்கம் போனேன். கச்சான் காற்று கொஞ்சம் தூக்கலாகத்தான் இருந்தது. அடுப்படியில் அரிசி கழுவி வைத்திருந்தார்.

“இன்னைக்கு எத்தனை மதினி?”

“அஞ்சு இருந்துச்சு. இப்ப நாலு. இரு, உலை வச்சுட்டு வர்றேன்.”